டயரில் சாக்பீஸ் கோடு

அக்டோபர் 6, ஞாயிறு

"டயர மாத்திப் போடுறேன்னீங்களே?" என்று வீட்டுக்காரரிடம் காலையிலேயே கேட்டேன். "மத்தியானம் பார்க்கலாம்லா." மத்தியானம் தூங்கினார். சாயங்காலம் மழை. இது நாலாவது ஞாயிறு. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்டயரைப் பின்னால் போடவேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்தவரே இவர்தான். இப்போது பதினாறாயிரம் ஓடிவிட்டது.

அக்டோபர் 9, புதன்

சுங்கை சிப்புட்டிலிருந்து கமுந்திங் கையுறைத் தொழிற்சாலை வரைக்கும் ஸ்டீரிங் ஆடிக்கொண்டே வந்தது. என்னோடு காரில் வேலைக்கு வரும் நவமணி அக்கா, "என்னா புஷ்பா, காருக்குக் குளிர் காய்ச்சலா?" என்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இறங்கிக் குனிந்து பார்த்தேன். முன்டயர் இரண்டும் ஓரம் தேய்ந்து வருகின்றன, பின்டயர்கள் ஜம்மென்று இருக்கின்றன. டயரில் ஏதோ வெள்ளைக் கோடு வேறு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கிறுக்கியிருக்கும்.

அக்டோபர் 10, வியாழன்

டயர் கடையில் கேட்டேன். இப்போதே இடம் மாற்றினால் நாலும் சமமாகத் தேயுமாம். விட்டால் வருசக் கடைசிக்குள் முன்னால் உள்ள இரண்டையும் தூக்கிப் போட வேண்டியதுதானாம். வீட்டில் சொன்னதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "இருபது வருசம் லோரி ஓட்டுனவன் நான். என் கார் டயர கடைக்காரன் கழட்டுறதா?"

அப்ப நீங்க கழட்டுங்களேன். கழட்டவும் மாட்டார், கழட்ட விடவும் மாட்டார் - என்ன மனுசன் இவரு?

அக்டோபர் 13, ஞாயிறு

மாற்றவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

மலைப்பாதை முழுக்க மழை. ஸ்டீரிங்கைப் பிடித்துப் பிடித்து மணிக்கட்டெல்லாம் வலி. வீட்டுக்கு வந்து கத்திவிட்டேன். "ஜூன்ல வழுக்கி விழுந்தீங்க, லோரிய விட்டீங்க. தோளு சரியாயிருச்சுன்னு நீங்கதானே சொல்றீங்க? அப்புறம் என்னா, சோம்பேறித்தனம்தானே?" அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

அக்டோபர் 20, ஞாயிறு

சந்தைக்குப் போகும் வழியில் பர்ஸை மறந்தது தெரிந்து திரும்பினேன். வேலிக்கு வெளியிலிருந்தே பார்த்தேன். நாலு டயரிலும் சாக்பீஸால் எண் போட்டிருந்தார். ஸ்பேனரை இடக்கையால் அழுத்துகிறார். வலக்கை இடுப்புக்கு மேல் எழும்பவில்லை. காலால் மிதித்தும் நட்டு அசையவில்லை. கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தார். பிறகு கைலி முனையால் ஒவ்வோர் எண்ணாக அழித்தார்.

நான் சந்தைக்குப் போனதும் ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தானா? இவரையா சோம்பேறின்னேன்? இந்த வாயை என்ன செய்வது.

தெருமுனை வரை திரும்பிப் போய், இருமிக்கொண்டே வந்தேன்.

அக்டோபர் 26, சனி

"வழியில பஞ்சரானா நான் என்னா செய்றது? கத்துக்குடுங்க" என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போய் சாக்பீஸ் எடுத்து வந்தார். முக்காலியில் உட்கார்ந்து, "முன்னால உள்ளது நேரா பின்னால, பின்னால உள்ளது பக்கம் மாறி முன்னால. நட்ட எதிரெதிரா இறுக்கு, அவசரப்படாத" என்றார். ஸ்பேனர்மேல் ஏறி நின்றேன். என் எழுபத்திரண்டு கிலோ ஒருநாளாவது உதவியது.

முடிந்ததும், "புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போலாமா, தோளக் காட்டணும்" என்று அவரே கேட்டார்.

அக்டோபர் 28, திங்கள்

ஸ்டீரிங் அடங்கிவிட்டது. "காய்ச்சல் போயிருச்சுபோல. யாரு மாத்துனா?" என்றார் நவமணி அக்கா.

"எங்க வீட்டுக்காரருதான்" என்றேன்.