ஒப்பீட்டுக் கிணற்றுக்கு மீன் வந்த வழி

அனுப்புநர்:
கோ. கலியமூர்த்தி,
கதவு எண் 14, இரண்டாவது தெரு,
திருமகள் நகர், பட்டாபிராம்.
(தங்கள் பதிவேட்டின்படி: ஒப்பீட்டுக் கிணறு எண் 14-இன் உரிமையாளர்)

பெறுநர்:
திட்ட இயக்குநர் அவர்கள்,
மீன் வழிக் கொசுத் தடுப்பு ஆய்வுத் திட்டம்,
சென்னை.

பொருள்: என் வீட்டுக் கிணற்றில் மீன் தானாகத் தோன்றியதாகத் தங்கள் திட்டம் அச்சிட்ட முடிவைத் திருத்தக் கோருதல் – வேப்பம்பட்டில் என் மகள் வீட்டுக் கிணற்றுக்கு உடனே மீன் வழங்கக் கோருதல் – உண்மையை ஒப்புக்கொள்ளுதல் – தொடர்பாக.

பார்வை:
1. நான் 2-7-1986 அன்று மூன்று பிரதிகளில் கையெழுத்திட்ட சம்மதப் படிவம்.
2. எனக்கு மீன் வழங்க இயலாது என்று தெரிவித்த தங்கள் அலுவலகக் கடிதம், நாள் 11-2-1987.
3. ‘நிலத்தடி ஊற்று வழியே மீன் பரவல்’ என்ற தங்கள் சிறுநூல், பக்கம் 9 (என் வீடு படத்துடன்).

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் வேலைப் பளுவுக்கு நடுவே ஒரு கிணற்றுக்காரனின் மனுவைப் படிக்க எடுத்துக்கொண்டதற்கு முதலில் என் வணக்கம். நான் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். அளவு நூலிழை பிசகினாலும் சாமானைத் திருப்பி அனுப்புவது என் உத்தியோகம். எனவே ஆராய்ச்சி, அளவை, பதிவேடு ஆகியவற்றின்மீது எனக்கு மரியாதை உண்டு. இந்த மனு முடியும்போது தங்களுக்கு அதில் சந்தேகம் வரலாம். வந்தால் அது நியாயமே.

2. 1986 ஜூலையில் தங்கள் திட்டத்தினர் எங்கள் தெருவுக்கு ஜீப்பில் வந்து, மலேரியாக் கொசு கிணற்றுத் தண்ணீரில்தான் முட்டையிடுகிறது என்றும், கப்பி மீனை விட்டால் அது புழுக்களைத் தின்றுவிடும் என்றும் விளக்கினார்கள். தெருவே கைதட்டியது. பிறகு ஒற்றைப்படை எண் வீடுகளின் கிணறுகளில் மீன் விட்டார்கள். அவை சோதனைக் கிணறுகள், பச்சைப் பெயிண்ட். இரட்டைப்படை வீடுகளுக்கு மீன் இல்லை. அவை ஒப்பீட்டுக் கிணறுகள், சிவப்புப் பெயிண்ட். என் வீட்டு எண் 14 என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

3. ஒப்பீட்டுக் கிணற்றில் மீன், மண்ணெண்ணெய், பிளீச்சிங் பவுடர் எதுவும் போடக்கூடாது, வலை போட்டு மூடவும் கூடாது, கொசு தன் இஷ்டப்படி பெருக வேண்டும் என்று படிவத்தில் இருந்தது. விஞ்ஞானத்துக்கு நம் வீட்டுக் கிணறும் உதவுகிறதே என்ற பெருமையில் மூன்று பிரதியிலும் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் தொழிற்சாலை கேன்டீனில் இதைப் பற்றி அரைமணி நேரம் பேசியதாகவும் நினைவு.

4. எங்கள் கிணறு தங்கள் நம்பிக்கையைக் காப்பாற்றியது. புதன்தோறும் தங்கள் களப் பணியாளர் திரு. கஜபதி சைக்கிளில் வந்து, நீளக் காம்பு வைத்த வெள்ளைக் கரண்டியால் ஆறு முறை மொண்டு, புழுக்களை எண்ணுவார். நல்ல மனிதர், எண்ணிக்கையில் ஏமாற்றாதவர். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “இன்னா சார், உங்க கெணறு சும்மா ஜம்முனு கீது! கரண்டிக்கு நாப்பது புழு. தெருவுலயே நீங்கதான் ஃபஸ்டு!” அந்த அக்டோபரில் எனக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்காய்ச்சல். ஜனவரியில் என் மனைவி பத்மாவுக்கு. எங்கள் காய்ச்சலும் வீண் போகவில்லை, பதிவேட்டில் ஏறியது. எதிர் வரிசையில் நோய் குறைந்தது என்று உலகத்துக்குக் காட்ட வேண்டுமானால், இந்த வரிசையில் யாராவது நடுங்கியாக வேண்டும் அல்லவா? அந்தப் பணியை இருபத்தொரு மாதம் குறைவின்றிச் செய்தோம். 1987 குடியரசு தினத்தன்று ‘சிறந்த ஒப்பீட்டுக் கிணறு’ என்று பாராட்டுச் சான்றிதழும் தந்தீர்கள். பத்மா அன்று மூன்று போர்வைக்குள் இருந்ததால் நான் மட்டும் வந்து வாங்கிக்கொண்டேன்.

5. அதன் பிறகு எங்களுக்கும் மீன் தரும்படி எழுதினேன். ‘ஒப்பீட்டுக் கிணற்றுக்கு மீன் வழங்கினால் சோதனைக் கிணற்றை எதனுடன் ஒப்பிடுவது?’ என்று பதில் வந்தது. பரிசோதனைப் பிரிவில் இருப்பவனுக்கு இதில் மறுக்க ஒன்றும் தெரியவில்லை. கடிதத்தைப் பத்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் சுவரிலிருந்த சான்றிதழைக் கழற்றி அரிசி டிரம்முக்கு மூடியாகப் போட்டாள்.

6. எங்களுக்கு ஒரே மகள், சுசீலா. வேப்பம்பட்டில் திரு. உத்தமன் என்பவருக்குக் கொடுத்திருக்கிறோம். இந்த ஆண்டு மார்ச்சில் அவள் மூன்று மாதம் என்று செய்தி வந்தது. கர்ப்பிணிக்கு மலேரியா வந்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ‘உங்க கெணறு சிவப்புப் பெயிண்ட் ஆச்சே, பிரசவத்துக்கு அங்க எப்படி அனுப்புறது?’ என்று சம்பந்தியம்மாள் பொன்னம்மாள் கேட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

7. இனி வருவது என் வாக்குமூலம். 27-3-1988 ஞாயிறு மாலை தெருவில் உள்ள அநேகமாக அத்தனை பேரும் வழக்கம்போல் எதிர்வீட்டுத் திரு. சண்முகசுந்தரம் அவர்கள் வீட்டில் தொலைக்காட்சியில் படம் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் வீடு எண் 13, பச்சைப் பெயிண்ட். “நீ படம் பாத்துகினு இரு, நான் இதோ வந்துர்றேன்” என்று சொல்லிப் பத்மா எழுந்து போனாள். அவர் வீட்டுக் கொல்லைக் கிணற்றில் ஒரு பிடி சோற்றைப் போட்டு, மேலே வந்த மீன்களை வாளியோடு இழுத்து, மாவுச் சல்லடையில் வடிகட்டி, வயிறு பெருத்ததாகப் பார்த்து இருபத்திரண்டைப் பொறுக்கிக் குடத்தில் போட்டுக்கொண்டு வந்து எங்கள் கிணற்றில் விட்டாள். கப்பி மீன் முட்டையிடாமல் குட்டி போடும் என்பதைக் கஜபதிதான் அவளுக்கு முன்பு சொல்லியிருந்தார். ராட்டினம் கிறீச்சிட்டது. சண்டைக் காட்சி ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. நான் திரும்பவில்லை.

8. அதற்கு மூன்றாவது புதன்கிழமை கஜபதி கரண்டியை விட்டார். ஒரு புழு இல்லை. கரண்டிக்குள் மீன் வந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பரிதாபமாக இருந்தது. மீன் எப்படி வந்தது என்று கேட்டதற்குப் பத்மா சொன்ன பதில்: “என்னாண்ட கேட்டா? நீங்கதான் படிச்சவங்க, நீங்களே கண்டுபுடிங்க அண்ணாத்தே.” இந்தப் பதிலில் பொய் எதுவும் இல்லை என்று அவள் இன்றுவரை வாதிடுகிறாள்.

9. தாங்கள் கண்டுபிடித்தீர்கள். இரண்டு ஜீப்பில் அதிகாரிகள் வந்து, நிலத்தடி ஊற்று வழியே மீன் வந்ததா என்று அறியச் சண்முகசுந்தரம் வீட்டுக் கிணற்றில் சிவப்புச் சாயம் கொட்டினார்கள். சாயம் எங்கள் கிணற்றுக்கு வரவே இல்லை. அவர் வீட்டு வேட்டிகளுக்கு மட்டும் வந்தது. ஆனாலும் சாயம் உயிரற்றது, அதற்கு வழி தேடத் தெரியாது, மீனுக்குத் தெரியும் என்று சிறுநூலில் விளக்கியிருக்கிறீர்கள். ‘இக்கிணற்றில் எவரும் மீன் விடவில்லை’ என்ற தாளில் சாட்சியாக என்னிடம் கையெழுத்துக் கேட்டார்கள். ஐயா, உண்மையைச் சொன்னால் மீனை எடுத்துவிடுவார்கள் என்ற பயம். படிவத்தை மீறியதாகத் தொழிற்சாலைக்கு எழுதிவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். திருகாணி நூலிழை பிசகினால் திருப்பி அனுப்புகிறவன் போட்ட கையெழுத்து அது.

10. அடுத்த ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மற்ற இரட்டைப்படைக் கிணறுகளிலும் மீன் தோன்றியதற்கும் எந்த ஊற்றும் பொறுப்பல்ல. அந்தந்த வீட்டுப் பெண்கள் பத்மாவிடம் சல்லடை இரவல் வாங்கிப் போனார்கள். மீன் மேற்கு நோக்கிப் பரவுவதாகத் தாங்கள் அம்புக்குறி போட்டுக் காட்டியிருப்பது உண்மையில் சல்லடை போன திசை. 22-ஆம் எண் கிணற்றுக்கு மட்டும் மீன் போகாததால் அதன் அடியில் பாறை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பாறை ஒன்றும் இல்லை. அது திரு. அய்யாசாமி வீடு. அவர் தனிக்கட்டை, சினிமா பிடிக்காதவர், ஞாயிறு மாலை கிணற்றடியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்.

11. இத்துடன் போயிருந்தால் நானும் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பேன். ஆனால் இந்த முடிவை வைத்துத் தாங்கள் ஜூனில் திட்டத்தையே மாற்றினீர்கள். இனி ஒரு தெருவுக்கு ஒரு கிணற்றில் மீன் விட்டால் போதும், மற்றவற்றுக்கு அது தானே போய்ச் சேரும் என்று முதலில் தேர்ந்தெடுத்தது வேப்பம்பட்டு. என் மகள் வீட்டுத் தெருவில் கிழக்குக் கோடிக் கிணற்றில் மீன் விட்டார்கள். என் மகள் வீட்டுக் கிணறு அங்கிருந்து பதினோராவது. சம்பந்தியம்மாள் கேட்டபோதெல்லாம் அங்குள்ள பணியாளர், “வந்துகினே கீது மா, இன்னும் நாலு கெணறு தாண்டணும்” என்று சொன்னாராம். வேறு எதுவும் போடக்கூடாது, மீன் செத்துவிடும் என்றும் சொன்னாராம். மீன் வராத கிணற்றில் எந்த மீன் சாகும் என்று கேட்க அங்கே ஆள் இல்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான். கையெழுத்துப் போட்டுவிட்டு இங்கே உட்கார்ந்திருந்தேன்.

12. ஆகஸ்டு 9-ஆம் தேதி சுசீலாவுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. ரத்தப் பரிசோதனையில் மலேரியா. எட்டாவது மாதம். நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். கட்டில் ஆடும் அளவுக்கு அவள் நடுங்கியதை நான் பார்த்தேன். பிள்ளை அசைகிறதா என்று மணிக்கு ஒருமுறை நர்ஸ் வந்து கைவைத்துப் பார்த்துவிட்டுப் போனார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இருவரும் பிழைத்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் பத்மா என்னிடம் ஒரே வார்த்தைதான் சொன்னாள்: “உன் கையெழுத்த நீயே போய் வாபஸ் வாங்கு.” அதற்காகத்தான் இந்த மனு. காய்ச்சல் வந்த நாளிலிருந்து இருபத்தேழு நாள் தாமதம். அதற்குக் காரணம் கோழைத்தனம், வேறு இல்லை.

13. இதற்கிடையில் 1-9-1988 தேதியிட்ட தங்கள் அறிவிப்பு வந்திருக்கிறது. வரும் 14-ஆம் தேதி புதன்கிழமை எங்கள் கிணற்று மீன்கள் முழுவதையும் வலைபோட்டு எடுத்துவிட்டு, அவை எத்தனை நாளில் தானாகத் திரும்பி வருகின்றன என்று அளக்கப் போவதாக அதில் உள்ளது. வளைகாப்பு முடிந்து மகளைப் பிரசவத்துக்கு அழைத்துவருவது 11-ஆம் தேதி. இப்போதுதான் சம்பந்தியம்மாள் சம்மதித்திருக்கிறார். புகுந்த வீட்டுக்கு மீன் வரவில்லை, பிறந்த வீட்டு மீனை எடுக்கப் போகிறீர்கள். என் மகள் எங்கே போய்ப் பிள்ளை பெறுவது என்று தாங்களே சொல்ல வேண்டும்.

14. ஆகவே, 14-ஆம் தேதி வலை போடுவதை நிறுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். வேப்பம்பட்டுத் தெருவில் ஒவ்வொரு கிணற்றிலும் மனிதர் கையாலேயே மீன் விட உத்தரவிட வேண்டும். எங்கள் மகளைப் போல அங்கே இன்னும் இரண்டு பெண்கள் கர்ப்பமாக இருக்கிறார்கள். சிறுநூலின் ஒன்பதாம் பக்கத்தை ரத்து செய்ய வேண்டும். என் கையெழுத்தை ரத்து செய்ய வேண்டும். இதற்கு என்மீது நடவடிக்கை உண்டென்றால் வாருங்கள், வீட்டில்தான் இருப்பேன். கஜபதிமீது மட்டும் நடவடிக்கை வேண்டாம். அவர் எண்ணியதில் ஒரு புழுகூடத் தவறில்லை. அவர் மனைவிக்கும் எங்கள் வீட்டில்தான் ஒருநாள் சல்லடை இரவல் கொடுத்தோம்.

15. தங்கள் உத்தரவு கோப்புகளைத் தாண்டி வர நாளாகும் என்று பத்மா கருதுகிறாள். எனவே வரும் ஞாயிறு வளைகாப்புச் சீர்த் தட்டுகளுடன் மூடியில் துளையிட்ட எவர்சில்வர் தூக்கு ஒன்றும் போகிறது. அதில் வயிறு பெருத்த கப்பி மீன்கள் நாற்பது. பகல் ஒன்று நாற்பது மின்சார ரயிலில், பெண்கள் பெட்டியில், பத்மாவின் மடியில் வைத்து, பட்டாபிராமிலிருந்து வேப்பம்பட்டுக்கு அவை பயணம் செய்யும். இதை முன்கூட்டியே தங்களுக்குத் தெரிவிப்பது என் கடமை. அதற்கடுத்த புதன்கிழமை என் மகள் புகுந்த வீட்டுக் கிணற்றில் மீன் காணப்பட்டால், அடுத்த பதிப்பில் தயவுசெய்து ஊற்று என்று அச்சிட வேண்டாம். டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருந்து தங்களுக்கு அனுப்பிவைக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
கோ. கலியமூர்த்தி
(இம்முறை படித்துப் பார்த்துப் போட்ட கையெழுத்து)

மீன் விட்டவர்:
க. பத்மா

இடம்: பட்டாபிராம்
நாள்: 5-9-1988

இணைப்பு: பாராட்டுச் சான்றிதழ் ஒன்று. அரிசி டிரம்முக்கு வேறு மூடி வாங்கிவிட்டபடியால் திருப்பி அனுப்பப்படுகிறது.