சர்க்கரை டப்பாவில் ஒரு கோடு

மார்ச் 4
காலையில் மனைவிக்கு ரத்தச் சர்க்கரை 318. நான்கு நாளாக முந்நூறுக்குக் கீழே இறங்கவில்லை. அவளுக்குக் கண் மங்கியதிலிருந்து இரண்டு வேளையும் இன்சுலின் போடுவது நான்தான். பிறகு எப்படி ஏறுகிறது? டாக்டர் முப்பத்தாறு யூனிட்டாகக் கூட்டிவிட்டார். இப்படியே போனால் மிச்சப் பார்வையும் போய்விடுமாம்.

மார்ச் 6
இருபது வருட ஃபேக்டரி ஸ்டோர் கீப்பர் புத்தி எங்கே போகும்? எனக்குத் தெரியாமல் தின்கிறாளோ என்று சர்க்கரை டப்பாவில் இருப்பு மட்டத்துக்குப் பென்சில் கோடு போட்டுவிட்டேன்.

மார்ச் 9
டப்பாவில் சர்க்கரை கோட்டை விட்டு இறங்கவில்லை. ரத்தத்தில் 340! கேட்டேன். "சத்தியமா நான் எதையும் தொடலைங்க." நம்பவில்லை. சர்க்கரை, பிஸ்கட் எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். கட்டினவளைத் திருடியாக்கிவிட்டேன். வேறு என்னதான் செய்வது?

மார்ச் 13
ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள் வயிற்றைத் தடவினாள். தொப்புளுக்குப் பக்கத்தில் எலுமிச்சை அளவுக்கு வீக்கம். "தினமும் இதே இடத்துலயா போடுறீங்க?"

ஆமாம். அங்கேதான் அவளுக்கு வலிக்காது. வேறெங்கே குத்தினாலும் முகம் சுளிப்பாள், எனக்குத் தாங்காது. அந்தத் தடிப்பிலேயே மருந்து தங்கிவிடுகிறதாம். இன்சுலின் போய்ச் சேர்ந்தால்தான் உடம்பு சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் ரத்தத்திலேயே கிடக்கும்.

அப்படியானால் அவள் எதையும் தின்னவில்லை. எந்த முகத்தோடு அவளைப் பார்ப்பது? நர்ஸ் மருந்தின் அளவைப் பற்றியும் ஏதோ சொன்னாள். காதில் ஏறவில்லை.

மார்ச் 14
பாவி நான். தொடையில் போட்டேன் — அதே முப்பத்தாறு. கொஞ்ச நேரத்தில் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. "யாரு நீங்க?" என்று என்னையே கேட்டாள். மீட்டரில் 41. சர்க்கரை அலமாரிக்குள். சாவி ஃபேக்டரி மேஜையில்! சுத்தியலால் பூட்டை உடைத்தேன். சர்க்கரைத் தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்தாள்.

போனில் நர்ஸ் திட்டித் தீர்த்தாள். தடிப்பில்லாத இடத்தில் மருந்து முழுதாக ஏறிவிடும், அளவைக் குறைக்க வேண்டும் என்று நேற்றே சொன்னாளாம். சர்க்கரை இறங்கினால் குளுக்ககான் என்ற ஹார்மோன் கல்லீரலின் சேமிப்பைத் திறந்துவிட வேண்டுமாம். "இத்தனை வருஷ நோயில இவங்களுக்கு அது சரியா வராது சார். நீங்கதான் கையில சர்க்கரையோட இருக்கணும்."

நான் பூட்டு போட்டிருந்தேன்.

மார்ச் 29
138. டாக்டர் இருபது யூனிட்டாகக் குறைத்திருக்கிறார். இன்று இடது தொடை. முகம் சுளித்தாள்.

டப்பா அவள் தலைமாட்டில்தான் இருக்கிறது. பென்சில் கோட்டை அழிக்கிறேன் என்றேன்.

"இருக்கட்டும்ங்க. நான் எடுக்கலைன்னு சொல்ல அது ஒண்ணுதானே இருந்துச்சு."