பீப்பாயில் விழுந்த திரை

பிரெஸ்ட், 12 ஜனவரி 1995

அன்புள்ள ஆந்தெல்ம்,

நலம். மகள் சொலான்ஜின் முறிந்த கால் எலும்பு கூடிவருகிறது. அவள் கோபம் கூடிவிட்டது. அவள் எழுந்து நடக்கும்வரை அவள் குழந்தைகளுக்கு நான்தான் சமையல். இங்கே மழை நின்றால் தொலைக்காட்சியில் செய்தி சொல்கிறார்கள்.

பொலிஞி வீட்டு நிலவறையில் நம் ஒரே பீப்பாயை உன்னை நம்பி விட்டுவந்திருக்கிறேன். மஞ்சள் ஒயினுக்கு ஆறு வருடம் ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். எனக்கு அது தொழில். முப்பது வருடம் வழக்குகளை ஒத்திவைத்தே ஓய்வு பெற்றேன். நீ பல் மருத்துவன், குழியைக் கண்டால் அடைக்கிற சாதி. பீப்பாயில் ஒயின் ஆவியாகிக் குறையக் குறைய உன் கை துறுதுறுக்கும். ஒரு சொட்டு ஊற்றினாலும் மேலே படர்ந்திருக்கும் ஈஸ்ட் திரை கிழிந்துவிடும். பிறகு அது வெறும் வெள்ளை ஒயின்.

இன்னும் இரண்டு வருடம். அதை நாம் இருவரும் திறக்கும் நாளுக்காகத்தான் பொலிஞி வீட்டை விற்காமல் வைத்திருக்கிறேன். சொலான்ஜுக்கு அது பிடிக்கவில்லை.

உன்
ஒக்தாவ்


பொலிஞி, 20 பிப்ரவரி 1995

அன்பு ஒக்தாவ்,

உன் கடிதம் கண்டேன். அதில் என்னைப் பற்றி விசாரித்து ஒரு வரிகூட இல்லை, பீப்பாயைப் பற்றிப் பதினைந்து வரி. போகட்டும். எனக்கு இடுப்பு வலி.

திரை நலம். பாலாடை மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கிறது. கூட்டுறவு சங்கத்து ஆள் வந்து முகர்ந்துவிட்டு, "டாக்டர், இது வினிகருக்குப் போகுது. சட்டுனு நிரப்பி, வித்துக் காசாக்கிடுங்க"ன்னான். "ஜட்ஜைக் கேக்காம தொடமாட்டேன், போய்யா"ன்னு அனுப்பிவிட்டேன். நிம்மதியாக இரு.

என்றும் உன்
ஆந்தெல்ம்


பிரெஸ்ட், 3 செப்டம்பர் 1995

ஆந்தெல்ம்,

சொலான்ஜ் எழுந்து நடப்பதைக் கொண்டாட அவள் தோழி ஒரு பாட்டில் கொண்டுவந்தாள், பொலிஞி சந்தையில் வாங்கியதாம். லேபிளில் என் நிலவறைக் கதவின் படம். அறுவடை 1990. "டாக்டர் ஆந்தெல்மின் வெள்ளை". பாட்டில் கழுத்தில் ஏதோ ஒயின் போட்டியின் வெள்ளிப் பதக்கச் சீட்டு ஒட்டியிருந்தது.

சொலான்ஜ்தான் முதலில் கேட்டாள்: "ஏம்ப்பா, ஆந்தெல்ம் மாமா பேரு மட்டும்தான் இருக்கு. உங்க பேரு எங்க?" பின்பக்கம் இருக்கும் என்றேன். பாட்டிலைத் திருப்பினாள். ஆல்கஹால் சதவீதம்தான் இருந்தது.

கோபம் இல்லை என்று இந்தக் கடிதத்தைத் தொடங்கியிருந்தேன். அவள் படித்துவிட்டு, "பொய் சாட்சிப்பா"ன்னு கிழித்துப்போட்டாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பிப்ரவரியில் நீ பாலாடை பற்றி எழுதினாயே, அன்று அந்தத் திரை இருந்ததா?

ஒக்தாவ்


பொலிஞி, 11 செப்டம்பர் 1995

அருமை நண்பா,

இல்லை. நிரப்பி ஒரு வாரம் ஆகியிருந்தது. உன்னிடம் சொன்னால் வருத்தப்படுவாய் என்றுதான் சொல்லவில்லை. பார், இப்போது வருத்தப்படுகிறாய்.

வினிகராகப் போகவிருந்ததைப் பதக்கமாக மாற்றியிருக்கிறேன். நன்றி வேண்டாம். பெயர் விஷயம்: அச்சகத்தில் லேபிள் சிறியது. அதோடு நீயே யோசி. இந்த ஊரில் பாதிப் பேருக்கு விவாகரத்து கொடுத்தவன் நீ. உன் பெயரைப் பாட்டிலில் பார்த்தால் எவன் வாங்குவான்? விருந்தில் வைத்தால், "இந்தாளா, எங்க வீட்ட அவளுக்கு எழுதிவச்ச ஆளுல்ல!"ன்னு எழுந்து போய்விடுவான். என்னிடம் வலி தீர்ந்து போனவர்கள்தான் அதிகம்.

உன் பங்கு பாட்டில்களை எடுத்துவைத்திருக்கிறேன். அக்டோபரில் அறுவடை, புதுப் பீப்பாய் வாங்குகிறேன். முதலிலிருந்து தொடங்கலாம். நமக்கு வயது எழுபதுதானே! வா, வந்து நேரில் திட்டு.

உன்
ஆந்தெல்ம்


பிரெஸ்ட், 30 செப்டம்பர் 1995

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

தங்கள் 11ஆம் தேதியிட்ட கடிதம் கிடைத்தது. விளக்கங்களுக்கு நன்றி.

பொலிஞி வீட்டையும் நிலவறையையும் விற்க முடிவு செய்துள்ளேன். தாங்கள் வைத்திருக்கும் சாவியை, தங்களுக்கு வசதிப்படும் நாளில், வீட்டுத் தரகரிடம் ஒப்படைக்கக் கேட்டுக்கொள்கிறேன். பாட்டில்களைத் தாங்களே வைத்துக்கொள்ளுங்கள். லேபிளில் உள்ளபடி அவை தங்களுடையவை.

தங்கள் இடுப்பு வலி குணமாகியிருக்கும் என நம்புகிறேன். முன்பே விசாரித்திருக்க வேண்டும்.

இதை எழுதும்போது சொலான்ஜ் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "யாருக்குப்பா, இவ்வளவு மரியாதையா?" என்று கேட்டாள்.

"பொலிஞில ஒரு பல் டாக்டரு. கொஞ்சம் பழக்கம்" என்றேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒக்தாவ் மெரான்
நீதிபதி (ஓய்வு)