சீனியர் சுட்ட சிவப்புக் கழுதை

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகன் நலம். உன் முழங்கால் வலியும் அப்பாவின் கோபமும் குறைந்தனவா?

என் வேலைதான் உனக்குத் தெரியுமே. குவாண்டம் கருவிகளுக்காக வைரச் சில்லுக்குள் அயனிகளைச் சுட்டுப் புள்ளிகள் பதிக்கிறேன். பதித்தவுடன் எதுவும் தெரியாது. சில்லை உலையில் சுட்டு, பச்சை லேசர் அடித்தால்தான் புள்ளிகள் சிவப்பாக மின்னும். நான் அயனியைச் சுட்டேன், உலை சில்லைச் சுட்டது, எங்கள் சீனியர் என் வேலையையே சுட்டார்! எல்லாம் தான் பதித்ததென்று பேராசிரியரிடம் காட்டிவந்தார்.

கேட்டதற்கு, "பொடியா, நீ பட்டன் அமுக்குறவன். உனக்கெதுக்குடா பேரு?" என்று சிரித்தார். அன்றே கறுவிக்கொண்டேன்.

அடுத்த சில்லில் புள்ளிகளாலேயே ஒரு கழுதை வரைந்தேன். அதற்கு அவருடைய கண்ணாடி, அவருடைய மீசை. வழக்கம்போல என் பெட்டியில் வைத்தேன். வழக்கம்போலக் காணாமல் போனது. அவரே அதைப் பதமாகச் சுட்டு, நேற்று எல்லோர் முன்னாலும் லேசரைப் போட்டார். திரை முழுக்கச் சிவப்புக் கழுதை!

"யார் பண்ணது இது?" என்றார் பேராசிரியர்.

'நான்' என்றால் கழுதை, 'நானில்லை' என்றால் திருடன். மனுஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நான் வாயைத் திறந்தேன். "நான்தான் சார். இதுக்கு முன்னாடி பார்த்ததும் என்னோடதுதான்."

சேட்டைக்குத் தண்டனையாக ஒரு வாரம் ஆய்வகத்தைக் கூட்டுகிறேன். ஆனால் இந்த வேலையைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயர் போய் என் பெயர் வந்துவிட்டது. அவர் பார்க்கும்போதெல்லாம் விசிலடித்துக்கொண்டே கூட்டுகிறேன்.

என் பழைய போர்வையைத் துவைக்காமல் அனுப்பு. இங்கே உன்னைப்போல என்னைக் கழுதை என்று திட்ட ஆளில்லை. என் போனை எடுத்ததும் முதலில் அப்படிக் கூப்பிடு.

பஸ் வந்துவிட்டது.

உன் கழுதை