கிரேன்காரர் விதவையான கதை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இடது முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை, மற்றபடி இங்கே குறையொன்றும் இல்லை, அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிறதும் சுகமாக இருக்க வேண்டும். போனிலேயே சொல்லலாமே என்பாய், நீ என்னைப் பேசவிட்டால்தானே. எடுத்த எடுப்பில் வீட்டைக் காலி பண்ணிட்டு இங்க வந்துடும்மா என்று ஆரம்பிக்கிறாய், நானும் சரி சரி என்று வைத்துவிடுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார். அப்பா போனபிறகு எனக்குச் சண்டை போட ஆளில்லை. வேலை முடிந்து கரியும் தூசியுமாக வந்து அப்படியே சோபாவில் சாய்வார், நான் கத்துவேன், காது கேட்காத மாதிரி இருப்பார். இப்போது சோபா பளிச்சென்று இருக்கிறது, எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மின்நிலையத்தை அடுத்த வருஷம் மூடுவது உறுதியாகிவிட்டது, இனி கரி வேண்டாமாம், வெயிலிலும் காற்றிலும் கரண்ட் எடுப்பார்களாம். புது வேலைக்குப் பயிற்சி எடுக்கிறவர்கள் குவார்ட்டர்ஸ் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம், மற்றவர்கள் காலி செய்ய வேண்டும். பயிற்சியோ இப்போது வேலையில் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான், அப்பா இல்லாததால் நான் எந்தக் கணக்கிலும் இல்லை. இந்தச் சமயத்தில்தான் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு ஆராய்ச்சிப் பெண் வந்தாள், உன் வயசுதான் இருக்கும், உன்னைப் போலவே சாப்பிடாமல் சுற்றுகிறாள். புகை நிற்பது நல்லதுதான், ஆனால் அதற்காக ஒருத்தரும் தெருவுக்கு வரக்கூடாது, எப்படி மூடினால் நியாயம் என்று எங்களையெல்லாம் கேட்டு மூடுகிற கமிட்டிக்கு எழுதிக்கொடுப்பது அவள் வேலை.

போன வாரம் கேன்டீன் ஹாலில் எல்லோரையும் கூட்டி ஒரு விளையாட்டு வைத்தாள். சீட்டு எடுத்து, அதில் எழுதியிருக்கிற ஆளாகப் பேச வேண்டும். எனக்கு வந்தது முதலாளி. பெரிய நாற்காலி போட்டு, கையில் ஒரு கட்டுப் பச்சை அட்டை கொடுத்தார்கள், ஒரு அட்டை என்றால் ஒரு பயிற்சி இடம். அப்பாவின் சிநேகிதர் மீசைக்காரர் இருக்கிறாரே, கிரேன் ஓட்டுகிறவர், அவருக்கு வந்தது இறந்துபோன தொழிலாளியின் மனைவி. உடனே பின்வரிசையில் அவர் சம்சாரம் எழுந்து, இவரு விதவைன்னா அப்போ செத்தது நானா என்று கேட்டாளே பார், ஹாலே உருண்டு புரண்டு சிரித்தது. எனக்கும் நாற்காலியில் உட்கார்ந்ததும் என்ன வந்ததோ தெரியவில்லை, கேன்டீன் சமையல்காரர் பாய்லர்காரராக வந்து கேட்டபோது, கொஞ்சம் பணிவாக் கேளுய்யா என்று அதட்டித்தான் கொடுத்தேன். எல்லாத்தையும் குடுத்துடலாம்மா, விளையாட்டுதானே என்றாள் அந்தப் பெண். அவசரத்துக்கு நாலு இருக்கட்டும் என்று பைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

கடைசியில் மீசைக்காரர் சம்சாரத்தின் சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து, எனக்கும் ஒரு இடம் குடுங்க முதலாளி என்று நெளிந்தார். நான் யோசிக்கவே இல்லை, உங்களுக்கு எதுக்கும்மா, பொண்ணுதான் வெளிநாட்டுல இருக்காளே, அங்க போய் நிம்மதியா இருங்களேன் என்றேன். எல்லோரும் என்னிடம் சொல்வதுதான், நீ சொல்வதுதான், அப்படியே என் வாயில் வந்தது. அந்த மனுஷன் சால்வையைப் பிடுங்கி எறிந்தார். நான் எதுக்குப் போகணும், அவரு முப்பது வருஷம் சுமந்த கரியைத் துணியிலிருந்து துவைச்சு எடுத்தது யாரு, அந்த இருமலுக்கு விடிய விடிய முழிச்சிருந்தது யாரு, நானும் இந்த இடத்துலதான் வேலை பார்த்தேன், கேட்டைத் தாண்டி உள்ள போகல, அவ்வளவுதான் என்று கத்தினார். கத்தும்போதே குரல் உடைந்துவிட்டது. அப்பாவைத் தூக்கிய நாலு பேரில் அவரும் ஒருவர்தானே. யாரும் சிரிக்கவில்லை, அவர் சம்சாரம்கூட. நான் பைக்குள் இருந்த நாலு அட்டையையும் எடுத்து அவர் கையில் திணித்தேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, எனக்கு ஒண்ணு போதும் முதலாளி என்றார்.

அன்று சாயங்காலமே அந்தப் பெண் வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்து, தொழிலாளி இறந்திருந்தாலும் அவர் மனைவிக்குப் பயிற்சியும் வீடும் உண்டு என்று கமிட்டிக்கு எழுதப்போகிறேன், முதல் பேராக உங்க பேரைப் போடலாமா என்று கேட்டாள். போடு என்றேன். வெயில் தகடுகளைத் துடைத்துச் சரிபார்க்கிற வேலையாம், தூசி படிந்தால் கரண்ட் குறையுமாம். தூசியோடு நான் எத்தனை வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியாதா. ஏணி ஏற வருமா என்று கேட்டாள், முழங்காலைப் பற்றி நான் மூச்சே விடவில்லை, நீயும் யாரிடமும் உளறாதே. கமிட்டி என்ன சொல்லுமோ தெரியாது, இல்லையென்றால் நேரில் போய்க் கேட்பேன், வேண்டுமானால் மீசைக்காரரையும் சால்வையோடு கூட்டிக்கொண்டு போவேன்.

கோபப்படாதே கண்ணு. உன் பிரசவத்துக்கு வராமல் இருப்பேனா, வந்து குழந்தையைக் குளிப்பாட்டி உன்னைத் தேற்றிவிட்டுத்தான் கிளம்புவேன். கனமானதைத் தூக்காதே, மாப்பிள்ளையைத் தூக்கச் சொல். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். டிக்கெட் எடுக்கும்போது மட்டும் ஒன்றை மறந்துவிடாதே, எனக்குத் திரும்பி வரவும் சேர்த்து எடு.

இப்படிக்கு,
உன் அம்மா