மூன்றாவது பாரா

படிக்காததைப் படித்தேன் என்று உன்னிடம் ஏன் சொன்னேன்? எவ்வளவோ யோசித்துவிட்டேன்.

இன்று காலை ஆரணியிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. மணமக்கள் யாரென்று பார்ப்பதற்கு முன்பே எழுத்தைப் பார்த்துவிட்டேன். தடித்து, வால் சுருண்ட எழுத்து. தொண்ணூறுகளின் கடைசியில் டைப்ரைட்டிங் வகுப்பை மூடிவிட்டு நீ கம்ப்யூட்டர் சென்டர் திறந்தாயே, அந்த நோட்டீஸில் இருந்த அதே எழுத்து. பிறகு இணையத்தில் இலவசமாக இடம் கிடைக்கிறதென்று அதே எழுத்தில் உனக்கென ஒரு பக்கம் எழுதினாய். முகவரியை என் டைரியில் நீயே எழுதி அடிக்கோடும் போட்டாய்.

வேலூரில், கல்லூரிக் கணினியில் அதைத் திறந்தேன். திரை முழுக்கக் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகள். உன் எழுத்துருவை இறக்கி நிறுவினால்தான் தமிழ் தெரியும். அதற்கு லேப் பொறுப்பாளரிடம் அனுமதி கேட்க வேண்டும். யாரிடமும் எதையும் கேட்பது எனக்கு ஆகாது. மூடிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன் சென்டரில் டீ குடித்தோம்.

"படிச்சியாடி?"

"படிச்சேன். நல்லா இருக்குது."

"மூணாவது பாரா?"

"அதுவும் நல்லாதான் இருக்குது."

"அவ்ளோதானா? புரொபசரம்மா ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசினா முத்து உதிர்ந்துடுமா?" என்று சிரித்தாய். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தைப் பற்றி நீ பேசவே இல்லை. மூன்று வருஷத்தில் நீயும் இல்லை.

இன்று டைரியைத் தேடி எடுத்து முகவரியைத் தட்டினேன். இலவச இடம் கொடுத்தவர்கள் எப்போதோ கடையைக் கட்டிவிட்டார்கள். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் காப்பகத் தளம் ஒன்று இருக்கிறது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் போட்டுப் பார்த்தேன். பக்கம் சேமித்த நாட்களைக் காட்டும் நாட்காட்டியில் ஒரே ஒரு தேதியில் வட்டம். அழுத்தினேன். உன் பக்கம் வந்தது, அதே கொம்பு முளைத்த எழுத்துகளோடு. எழுத்துருவை இறக்கச் சொல்லும் வரி மட்டும் ஆங்கிலத்தில். அதை அழுத்தினால், அந்தக் கோப்பு சேமிக்கப்படவில்லை என்கிறது. பூட்டைப் பத்திரப்படுத்தியவர்கள் சாவியை விட்டுவிட்டார்கள். பத்துத் தடவையாவது அழுத்தியிருப்பேன். மூன்றாவது பாரா எது என்று மட்டும் தெரிகிறது. அதன் கடைசியில் ஒரு கேள்விக்குறி.

பத்திரிகையின் அடியில் அச்சகத்தின் முகவரி இருக்கிறது. ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கம். நாளை போய்க் கேட்கப் போகிறேன். ஆமாம், கேட்கத்தான்.

மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். பக்கத்தைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, கண்ணமங்கலம் வழியாகப் பஸ்ஸில் போனேன். அச்சகக்காரர் பார்த்ததுமே சொன்னார்: "இது நம்ம பழைய ஃபான்ட்டுங்க மேடம். எல்லாரும் மாறிட்டாங்க. நான்தான் இன்னும் பத்திரிகைய இதுலயே அடிச்சிகினு இருக்கேன்." எழுத்துருவை மாற்றினார். திரை தமிழானது. "படிச்சிகினு இருங்க, டீ சொல்லிட்டு வரேன்," என்று வெளியே போனார்.

மூன்றாவது பாரா இதுதான்:

"இது என் தோழிக்கு மட்டும். கல்லூரி வேலையை விட்டுவிட்டு என்னோடு வருகிறாயா? சேலை டிசைன் போடும் பெண்களுக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்க ஒரு பள்ளி, நாம் இரண்டு பேரும் சேர்ந்து. நேரில் கேட்டால் யோசிக்காமல் மாட்டேன் என்பாய், அதனால் இங்கே கேட்கிறேன். படித்துவிட்டு நீ ஒன்றும் சொல்லாவிட்டால் விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்வேன். கோபமெல்லாம் இல்லை. வருகிறாயா?"

அச்சகக்காரர் டீயை மேசையில் வைத்தார். "எல்லாம் சரியா வந்துச்சுங்களா மேடம்?"

"வந்துச்சுங்க," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இப்பதாங்க முதல் தடவையா படிக்கிறேன்," என்றும் சொன்னேன்.