யன்னலில் ஒட்டிய தொடர்கதை

திருகோணமலை
1943, சுபானு வருஷம் கார்த்திகை 10ந் திகதி

அன்புள்ள மகள் கோணேஸ்வரிக்கு,

இங்கு நான் சுகம், வீடும் கிணற்றடி முருங்கையும் சுகம், மழை மட்டும் ஐந்து நாளாக விடவில்லை. அங்கு கொழும்பில் நீயும் உன் அறைப் பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்கக் கோணநாதர் துணை நிற்க வேண்டும். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. ஐந்து வரி. முந்தியெல்லாம் 'என் அப்பாவுக்கு' என்று தொடங்குகிறவள் இப்போது 'மதிப்புக்குரிய அப்பாவுக்கு' என்று தொடங்கி, சுகம் என்றும், பரீட்சை முடிந்தது என்றும், மார்கழி விடுமுறைக்கு விடுதியிலேயே நிற்கலாம் என்று நினைக்கிறேன், உங்களுக்கு வீண் சிரமம் வேண்டாம் என்றும் எழுதி முடித்திருக்கிறாய். மத்தியானம் தபால் கந்தோரில் எல்லாரும் சாப்பிடப் போன நேரம், அந்தக் கடிதத்தைத் தபால் நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன். சிரிக்காதே. உன் கடிதம் ஒவ்வொன்றையும் பிரிக்குமுன் அப்படித்தான் வைத்துப் பார்ப்பேன், இதுவரைக்கும் உனக்குச் சொன்னதில்லை. ஆடி மாதம் வரை நீ எழுதியவை தட்டை ஒரேயடியாகக் கீழே இறக்கும், உறை பிதுங்கி ஓரம் கிழிந்து வரும், உன் மகள் கடிதம் எழுதுகிறாளா புத்தகம் எழுதுகிறாளா என்று தபால் பிரிக்கிற ஆனந்தராசா கேட்பார். இப்போது வந்ததை வைத்தபோது தட்டு அசைந்ததா என்றே எனக்குத் தெரியவில்லை.

காரணம் எனக்குத் தெரியும் மகள். ஆவணியில் நான் எழுதிய கடிதந்தான் காரணம். நீ பதினொரு தாளில் எழுதியிருந்தாய். காலி ஊர்ப் பிள்ளை ஒருத்தி பாற்சோறு பொங்கி வாழையிலையில் வெட்டித் தந்ததும், பறங்கிப் பிள்ளை வீட்டுக்குப் போய் வாழையிலையில் சுற்றி அவித்த சோறு சாப்பிட்டதும் மூன்று தாள். சட்டைக்கு இப்போது மேலே பொங்கி முழங்கைக்கு மேலே இறுக்கிப் பிடிக்கிற கைதான் எல்லாரும் வைக்கிறார்கள் என்று, படமும் கீறி, இரண்டு தாள். மிச்சமெல்லாம் வாசிகசாலையில் எடுத்த கதைப் புத்தகங்கள். அதற்கு நான், உன்னைப் படிக்க அனுப்பினேனா, தின்னவும் உடுத்தவும் கதை வாசிக்கவும் அனுப்பினேனா, இனி இப்படி எழுதுவதென்றால் எழுதவே வேண்டாம் என்று அரைத் தாளில் எழுதிப் போட்டேன். எழுதிய கையோடு முத்திரை ஒட்டிப் பையில் போட்டும் விட்டேன், தபால் கந்தோரில் இருப்பவனுக்கு ஆறப்போட நேரம் கிடைப்பதில்லை. அன்று காலை என் கையால் கையெழுத்து வைத்து மூன்று தந்தி அனுப்பியிருந்தேன். மூன்றும் சாவுத் தந்தி. ஒன்று நம்முடைய சந்திக்கு அடுத்த வீட்டுக்கு, பெயர் எழுதினால், யுத்தக் காலமென்று இந்தக் கடிதத்தை உனக்கு முன் பிரித்துப் பார்க்கிறவர்கள் கறுப்பு மை பூசுவார்கள், அதனால் விடுகிறேன். அந்த வீட்டு அழுகை கந்தோர் வரை கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டு உன் கடிதத்தைப் பிரித்தால் பொங்கிய கையும் பாற்சோறும். உலகத்தில் இப்படியும் ஒருத்தி சந்தோஷமாக இருக்கலாமா என்று எனக்குக் கோபம் வந்தது. அந்த ஒருத்தி என் பிள்ளை, அவள் சந்தோஷமாக இருக்கத்தானே நான் இங்கே கிடக்கிறேன் என்பது அப்போது புத்தியில் ஏறவில்லை.

இன்னொன்றும் செய்திருக்கிறேன். அதையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன், நேரில் கண்டால் நீ என்ன செய்வாய் என்று நினைக்கப் பயமாக இருக்கிறது. போன வருஷம் குண்டு விழுந்த பங்குனிக்குப் பிறகு யன்னல் கண்ணாடிகளுக்குக் கடதாசி ஒட்டச் சொன்னார்கள் அல்லவா, கண்ணாடி உடைந்தாலும் சிதறக்கூடாது, வெளிச்சமும் வெளியே போகக்கூடாது என்று. அன்று நாம் இரண்டுபேருமாக ஒட்டிய மண்ணிறக் கடதாசியைக் கரப்பான் அரித்துவிட்டது, பசைக்காகத் தின்கிறது போலும். புரட்டாதியில் வந்து பார்த்த அரசாங்க ஆட்கள் திரும்ப ஒட்டாவிட்டால் குற்றம் என்று சொல்லிப் போனார்கள். கடையில் கடதாசி இல்லை. நான் உன் அலுமாரியைத் திறந்து, சென்னைப் பத்திரிகையில் வாராவாரம் வந்த அம்புஜம் கதையை நீ வெட்டி எடுத்து, அடுக்கி, நீல நூலால் தைத்து வைத்திருந்தாயே, அந்தக் கட்டை எடுத்து நூலை அறுத்தேன். பழைய கடதாசி என்று நினைத்தேன் என்று எழுதலாம், அது பொய். யாருடையது என்று தெரிந்துதான் எடுத்தேன். கோபம் முழுக்க ஆறியிருக்கவில்லை. கூப்பனுக்குக் கிடைத்த மாவில் பசை காய்ச்சி எட்டு யன்னலுக்கும் ஒட்டினேன், எது முன் எது பின் என்று பார்க்கவில்லை, கையில் வந்ததை ஒட்டினேன்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குசினி யன்னலடியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நிற்கையில், எதிரே இருந்த தாளில் அம்புஜம் தன் சிற்றன்னையோடு கோபித்துக்கொண்டு ஒரு தகரப் பெட்டியில் சேலை அடுக்குகிறாள். எத்தனை சேலை, என்னென்ன நிறம் என்றெல்லாம் எழுதியிருந்தது. இதென்ன வேலையில்லாத எழுத்து என்று நினைத்துக்கொண்டே கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டேன். அங்கே பார்த்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருகிறாள், அதோடு தாள் முடிந்தது. மற்றப் பக்கம் கண்ணாடியோடு ஒட்டிக்கிடக்கிறது. என்ன செய்வது, குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய், கண்ணாடிக்கு வெளியே நின்று மற்றப் பக்கத்தை வாசித்தேன். அடுத்த பக்கம் குசினியில் இல்லை, தேடினால் உன் அறை யன்னலில் இருக்கிறது. இப்படி உள்ளே ஒரு பக்கம் வெளியே ஒரு பக்கமாக மூன்று கிழமை சுற்றினேன். கதையே வாசிக்காதே என்று பிள்ளைக்குக் கட்டளை போட்ட மனிதன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வீட்டைச் சுற்றி வந்தான். அதிலும் மனதுக்குள் வாசிக்க வராது, நீ எனக்கு வாசித்துக் காட்டுவாயே அதுபோலச் சத்தமாக வாசிக்கப் பழகிவிட்டேன். வீட்டில் ஒரு குரல் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. உன் அம்மா போனபோதுகூட இந்த வீடு இவ்வளவு வெறுமையாக இருக்கவில்லை, அப்போது நீ இருந்தாய். உன் பெரியப்பா வீட்டார் குண்டுக்குப் பயந்து சம்பூருக்குப் போனவர்கள் திரும்பவில்லை, அவர்களின் முற்றத்தில் புல் முழங்கால் அளவு நிற்கிறது. கந்தோர் விட்டு வந்து கதவைத் திறக்கும்போது சில நாள் திரும்பக் கந்தோருக்கே போகலாமா என்று இருக்கும்.

நான் யன்னலோடு கதைக்கிறேன் என்று முதலில் கண்டுபிடித்தது பின்வளவு வீட்டில் இருக்கிற சித்தி பரீதா. கிண்ணியாவிலிருந்து தோணியில் வந்த தயிர்ச் சட்டியைத் தர வந்தவ, நான் மழைக்குள் குடையோடு கண்ணாடியில் மூக்கு முட்ட நிற்பதைப் பார்த்து, என்னவாவது உடைந்துபோயிற்றா என்று விசாரித்தா. ஒளிக்க ஏலாமல் சொன்னேன். சிரிப்பா என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "தனியா நிண்டு யன்னலுக்கு வாசிச்சுக் காட்டுறதுக்கு, புள்ளைய வரச்சொல்லி எழுதுங்களேன்" என்று சொல்லித் தயிரை வைத்துவிட்டுப் போய்விட்டா. அவவின் புருஷன் ஸெய்னுதீன் நானாவின் கதை இன்னொன்று. அவருடைய தையல் கடையில் இப்போது காக்கியைத் தவிர வேறு துணி இல்லை, காற்சட்டை காற்சட்டையாகத் தைத்துத் தைத்துத் தையல்காரன் என்பதே மறந்துபோச்சு என்பார். உன் கடிதம் வந்தால் சட்டைப் பகுதியை மட்டும் அவருக்கு வாசித்துக் காட்டுவேன் என்பது உனக்குத் தெரியாது, ஆவணியில் ஏசி எழுதிய பிறகும் அந்தப் படத்தை அவரிடம் கொடுத்தேன் என்பது அதைவிட வெட்கம். அந்தப் படத்தைப் பார்த்து ஐப்பசியில் இரண்டு கல்யாணப் பெண்களுக்குக் கொழும்புக் கை வைத்துத் தைத்திருக்கிறார். போன வெள்ளிக்கிழமை கடையைத் தாண்டிப் போகையில் என்னைக் கூப்பிட்டு, "மகள்ட கடிதம் இப்ப வாறல்லியா ஐயா? புள்ளைக்குச் சுகமில்லையோ?" என்று கேட்டார். வருகிறது, படிப்புக் கூடிப்போயிற்று, அதனால் சின்னக் கடிதம் என்று சொன்னேன். அவர் தன்னிடம் எஞ்சியிருந்த மஞ்சள் துண்டில் உனக்கென்று ஒரு சட்டை வெட்டியிருப்பதை எடுத்துக் காட்டினார். ஒரு கை மட்டும் தைத்திருக்கிறார், உன் படத்தில் இருப்பதுபோலவே பொங்கி நிற்கிறது. மற்றக் கையை ஏன் தைக்கவில்லை என்று கேட்டதற்கு, அளவு பாராமல் இரண்டு கையும் வைத்துப் பிழைத்தால் மாற்றுவதற்குத் துணி இல்லை, பிள்ளை வந்து போட்டுப் பார்த்தபிறகுதான் மற்றது என்றார். அந்த ஒற்றைக் கைச் சட்டை இப்போது அவருடைய கடையில் காக்கிகளுக்கு நடுவில் தொங்குகிறது, நான் அந்தப் பக்கத்தால் போவதைக் குறைத்திருக்கிறேன்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்பாய், கேட்கமாட்டாய் என்றாலும் எழுதுகிறேன். கூப்பன் அரிசி கிழமையில் நாலு நாளைக்குக் காணும், மிச்சம் பேக்கரிப் பாணும் மாவும். நீ ஆனியில் எழுதியிருந்தாய், உன் அறைப் பிள்ளை பழைய பாணைத் தேங்காய்ப் பாலில் ஊறவைத்து, சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு, சட்டியில் மூடி வேகவைத்தாள் என்று. அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு செய்து பார்த்தேன். அடி பிடித்துவிட்டது. எவ்வளவு நெருப்பு என்று நீ எழுதவில்லை, ருசி மட்டும் ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். கருகினதை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டேன், நல்லாய்த்தான் இருந்தது, பாதியைச் சித்தி பரீதாவுக்கும் அனுப்பினேன். உன் பழைய கடிதங்கள் முழுவதையும் திரும்ப எடுத்து வாசித்தாயிற்று மகள். நீ என்ன தின்றாய், என்ன உடுத்தாய், என்ன வாசித்தாய் என்று தெரிந்தால் எனக்கு நீ எப்படி இருக்கிறாய் என்று தெரிகிறது. சுகம், பரீட்சை முடிந்தது என்ற இரண்டு சொல்லிலிருந்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் பிழை விட்டேன். அப்பன் பிள்ளையிடம் இப்படி எழுதுவது வழக்கமில்லை, என்றாலும் எழுதுகிறேன், அந்த ஆவணிக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

உடம்பைப் பார்த்துக்கொள். மழையில் நனைந்தால் தலையைத் துவட்டாமல் புத்தகத்தோடு படுக்காதே. சனிக்கிழமை எண்ணெய் வைக்கிறாயா? ஆபத்துச் சங்கு ஊதினால் சட்டை மாற்றிக்கொண்டு நிற்காமல் பதுங்குகிற இடத்துக்கு ஓடு. இந்த முறையும் கார்த்திகை விளக்கீட்டுக்கு வெளியே விளக்கு வைக்க ஏலாது, குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு உன் பெயருக்கு ஒன்று ஏற்றுவேன். வருவதாயிருந்தால் உன் கூப்பன் புத்தகத்தை மறவாமல் கொண்டு வா, இல்லாவிட்டால் பாற்சோறு பொங்க அரிசி இராது. வரும் திகதியை முன்கூட்டி எழுது, ஒரு வரியென்றாலும் சரி, தராசில் வைக்காமலே பிரிப்பேன்.

இன்னும் ஒன்று. கதையின் கடைசித் தாளைக் கடல் பக்கத்து யன்னலில் ஒட்டியிருந்தேன். நான் வாசித்து அங்கே வருமுன், போன கிழமை யன்னல் இடுக்கால் மழை உள்ளே அடித்து அது கூழாகிப் போயிற்று, மேல் நாலு வரி மட்டும் மிஞ்சியிருக்கிறது. அம்புஜம் தகரப் பெட்டியோடு ரயிலை விட்டு இறங்குகிறாள், மழை பெய்கிறது, மேடையில் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை, அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நிற்கிறாள். அவ்வளவுதான். அவளைக் கூட்டிப் போக யாரும் வந்தார்களா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நீ வாசித்தவள், உனக்குத் தெரியும். கடிதத்தில் எழுதாதே, வந்து சொல். அதுவரைக்கும் அவள் நிற்கட்டும். நீ நிற்கத் தேவையில்லை, எந்த நாள் காலை ரயிலில் வந்தாலும் நீ இறங்குமுன் நான் மேடையில் நிற்பேன், குடை இரண்டோடு.

எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ்க என்று வாழ்த்தும்,
உன் அப்பா
பாக்கியரத்தினம்